விழுந்த டின்னில் ஒரு கிளி

அத்தியாயம் 6

மேலிருந்து ஒரு பேம்பர்ஸ் இறங்கி வந்தது. பயன்படுத்தியது. இரண்டு பக்கமும் விரிந்து, காற்றில் ஆடி ஆடி, எந்த அவசரமும் இல்லாமல் வந்து, திமோத்தியின் செருப்புக்கு ஒரு சாண் தள்ளிச் சொத்தென்று விழுந்தது.

திமோத்தி அண்ணாந்து பார்த்தார். பதினெட்டு மாடிகளிலும் ஒரு தலைகூட வெளியே தெரியவில்லை.

"டாக்சி ஓட்டுன காலத்துல முன்னால, பின்னால, சைட்ல பாத்தா போதும் மேடம். இங்க வானத்தப் பாக்கவும் ஒரு கண்ணாடி மாட்டணும்லா."

விஷ்ணுப்ரியா, வாயைத் திறந்தால் அந்த நாற்றம் உள்ளே போய்விடும் என்று கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டிருந்தாள். கோழிக் குடல், மீன் செதில், நேற்றைய குழம்பு ஒட்டிய பிளாஸ்டிக் பைகள், பஞ்சு பிதுங்கிய மெத்தைகள். எல்லாம் ஜன்னல் வழியாக வந்தவை. சந்தின் முனையில் பெரிய குப்பைத் தொட்டி ஒன்று முக்கால்வாசி காலியாக நின்றது. அந்தக் குப்பைக்கு நடுவில்தான் வண்டிகளையும் நிறுத்தியிருந்தார்கள், கூரைக்கு மேல் பிளைவுட் பலகை போட்டு.

விஷ்ணுப்ரியாவின் அலுவலகம் பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு பூக்கடைக்கு மேலே. முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவள். பொய் சொல்கிறவர்களைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த் தனியாகத் துப்பறியும் தொழில் தொடங்கினாள். அங்கேயும் அவர்களேதான் வந்தார்கள். திமோத்தி அவளுடைய காரோட்டி, உதவியாளர், அவர் சொந்த அபிப்பிராயத்தில் மூளையும் அவர்தான்.

பண்டமாரானில் இருக்கும் தெராத்தாய் என்ற இந்த அடுக்குமாடி ஃப்ளாட்டுக்கு அவர்களை வரவழைத்தவள் கேத்தரின். இரண்டு வாரத்துக்கு முன், ஒரு மாலை நேரம், வேலை முடிந்து வந்த அவள் கணவன் அம்புரோஸ் இதே சந்தில் வேனை நிறுத்திவிட்டு, பின் கதவைத் திறந்து குனிந்து சாமான் எடுத்துக்கொண்டிருந்தான். மேலிருந்து சிமெண்டு நிரப்பிய ஒரு பெயிண்ட் டின் அவன் தலையில் விழுந்தது. ஆஸ்பத்திரி வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

போலீசார் பிடித்து வைத்திருந்தது பதினாறாம் மாடி லோகேஸ்வரியை. தெலுக் பங்லிமா காராங்கில் கையுறை செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண், தனிக்கட்டை. சில நாட்களுக்கு முன்புதான் வீட்டுக்கு வெள்ளையடித்திருந்தாள். விழுந்த டின் கிளி மார்க் பெயிண்ட். அவள் வாசலிலும் கிளி மார்க் டின்கள். போதாததற்கு, தண்ணீர்க் குழாய் விஷயத்தில் அவளும் அம்புரோசும் ஒருமுறை வாய்ச்சண்டை போட்டிருந்தார்கள். ஃப்ளாட்டுக்கு அது போதுமாயிருந்தது. அவள் வீட்டுக் கதவில் யாரோ முட்டை அடித்தார்கள். வேறு யாரோ மீன் கழுவிய தண்ணீரை ஊற்றினார்கள். கைது செய்த அன்று கேத்தரினே லிஃப்ட் வாசலில் எல்லோர் முன்னாலும் அவள் முகத்தில் துப்பினாள்.

இருந்தாலும் சாட்சி பலவீனம் என்று யாரோ கேத்தரினிடம் சொல்லியிருந்தார்கள். லோகேஸ்வரி தப்பிவிடக்கூடாது, கோர்ட்டில் நிற்கும்படியாக ஏதாவது கண்டுபிடித்துக் கொடுங்கள் என்பதுதான் அவள் விஷ்ணுப்ரியாவிடம் கேட்டது.

இருந்த ஒரே சாட்சி மூன்றாம் மாடி இராஜம்மா. மூட்டுவலிக்காரி. பகல் முழுவதும் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவள். அவளைப் பார்க்க அவர்களை அழைத்துப்போனவர் குடியிருப்போர் சங்கத் தலைவர் சுகுமாறன். இஸ்திரி போட்ட சட்டை, அடக்கமான குரல். அன்று முதலில் ஓடி வந்தவர், தன் சட்டையைக் கழற்றி அம்புரோசின் முகத்தை மூடியவர், சர்ச்சில் பெட்டிக்குத் தோள் கொடுத்தவர், எல்லாம் இவர்தான் என்று கேத்தரின் நன்றியோடு சொன்னாள். போலீஸைப் பதினாறாம் மாடிக்கு அழைத்துப்போய் அந்த டின்களைக் காட்டியவரும் இவர்தான்.

இராஜம்மா சுற்றி வளைக்காமல் பேசினாள். டின் தன் ஜன்னலுக்கு நேரே கீழே போனதைப் பார்த்ததாகச் சொன்னாள். டின்னில் ஒரு கிளி இருந்ததாகவும், அதன் மூக்கில் வெள்ளைப் பெயிண்ட் ஒழுகிக் காய்ந்திருந்ததாகவும் சொன்னாள்.

விஷ்ணுப்ரியா போலீஸ் எடுத்த போட்டோவைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தாள். கிளி. மூக்கிலிருந்து வெள்ளையாக ஓர் ஒழுகல்.

"நீங்க கீழ எறங்கிப் போய்ப் பாத்தீங்களாம்மா?"

"எங்கம்மா போறது? அந்த வாரம் முழுக்க லிஃப்ட் கோளாறு. எனக்கு முட்டி மடங்காது. மேல இருந்து பாத்தா வேனும் சனமுந்தான் தெரிஞ்சிச்சு. டின்ன போலீசு அப்பவே எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"அப்ப அந்தக் கிளிய விழறப்பதான் பாத்தீங்க."

"அதத்தான சொல்றேன்."

விஷ்ணுப்ரியா ஜன்னலருகே போய் நின்றாள். இடுப்பு உயரத்தில் தொடங்கிக் கதவு நிலையின் உயரம்வரை போகும் சாதாரண ஜன்னல். தலையை வெளியே நீட்டி மேலே பார்த்தாள். ஒன்றின் மேல் ஒன்றாகப் பால்கனிகளின் அடிப்பாகங்கள், துணிக் கம்பிகள், மேலே மேலே சிறுத்துக்கொண்டே போயின. பிறகு திரும்பி, திமோத்தியிடம் சம்பந்தமில்லாத ஒரு கேள்வி கேட்டாள்.

"அங்கிள், ஹைவேல நூறுல ஒரு லோரி எதிர்ப்பக்கம் போகுது. அதோட கதவுல இருக்கற எழுத்தப் படிப்பீங்களா?"

"நான் ஸ்பீட் கேமரா போர்டயே படிச்சதில்ல மேடம். வீட்டுக்கு சம்மன் வந்தப்பறந்தான் படிப்பேன்."

"பதினாறாம் மாடிலேருந்து விழுந்த டின் இந்த ஜன்னலத் தாண்டறப்ப ஏறக்குறைய அந்த வேகத்துலதான் போயிருக்கும். கண்ண மூடித் தொறக்கற நேரத்துல பாதிகூட இல்ல. அம்மா கிளியோட மூக்கு வரைக்கும் பாத்திருக்காங்க."

கூட வந்திருந்த கேத்தரினின் முகம் சுருங்கியது. இராஜம்மா பொய் சொல்கிறாள் என்கிறீர்களா என்று கேட்டாள். விஷ்ணுப்ரியா இல்லையென்று தலையசைத்தாள்.

சுகுமாறன் புன்னகைத்தார். அக்கா தினமும் குப்பை விழுவதைப் பார்த்துப் பழகியவர், கண் பழகிவிட்டது, பேம்பர்ஸ் போனால் எந்தக் கடையில் வாங்கியது என்றுகூடச் சொல்வார் என்றார். பேம்பர்ஸுக்கு ஒரு சட்டம், டின்னுக்கு ஒரு சட்டமா என்று கேட்டார்.

"சட்டம் ஒண்ணுதான் சார். நடுவுல காத்து இருக்கு," என்றாள் விஷ்ணுப்ரியா. "பேம்பர்ஸ் லேசு, ஆனா அகலம். கொஞ்சம் வேகம் எடுத்ததும் காத்து தாங்கிப் புடிச்சுக்குது. அதுக்கு மேல அது எத்தன மாடி விழுந்தாலும் வேகம் கூடாது. அதனாலதான் ஆடிக்கிட்டே வருது. சிமெண்டு டின்ன காத்து தாங்காது. விழ விழ வேகம் ஏறிக்கிட்டே இருக்கும்."

"கனமான சாமான் வேகமா விழும்னு சொல்றீங்க. அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான?"

"கனத்தால இல்ல சார். காத்த விட்டுட்டா கனமும் லேசும் ஒண்ணாத்தான் விழும். எவ்வளவு தூரம் விழுந்துச்சுங்கறதுதான் கணக்கு."

சுகுமாறன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை சோதனை வைத்தாள் விஷ்ணுப்ரியா. பாலாய் என்று சொல்லும் போலீஸ் நிலையத்திலிருந்து ஒரு சார்ஜன் வந்து சந்தின் இருபக்கமும் கயிறு கட்டினார். வண்டிகளை அப்புறப்படுத்தினார்கள். டின் விழும் இடத்தில் அந்த ஊத்தை மெத்தைகளையே ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். அடுக்கிய திமோத்தி, கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் இரண்டு கையையும் உடம்பிலிருந்து தள்ளி நீட்டியபடியே நடந்தார். தன் சம்பளத்தில் இந்தக் கைகளுக்கும் தனியாக ஏதாவது உண்டா என்று கேட்டுவிட்டு, மணல் நிரப்பிய மூன்று டின்களோடு லிஃப்டில் ஏறினார். ஒவ்வொரு டின்னிலும் விஷ்ணுப்ரியா ஒரு படம் ஒட்டியிருந்தாள். என்ன படம் என்று திமோத்தியைத் தவிர யாருக்கும் தெரியாது.

இராஜம்மா தன் நாற்காலியில். அருகில் கேத்தரின், சார்ஜன், சுகுமாறன். சுகுமாறன் வருவதாகவே இல்லை, வேலை இருக்கிறது என்றார். நீங்கள் இல்லாமல் எப்படி என்று கேத்தரின் கேட்டதும் மறுக்க முடியாமல் வந்து நின்றார்.

விஷ்ணுப்ரியா கைப்பேசியில் "ஒண்ணு" என்றாள்.

ஜன்னலில் ஏதோ கிழிந்தது போலிருந்தது. உடனே கீழே மெத்தை 'தொம்'மென்றது.

"கறுப்பா ஒரு கோடு," என்றாள் இராஜம்மா. "படமா? படம் எங்க இருந்துச்சு?"

இரண்டாவது டின்னுக்கு அவள் நாற்காலி நுனிக்கு வந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தாள். இந்த முறை கோடுகூட இல்லை. கண் சிமிட்டியிருந்தாள். சார்ஜனும் ஒன்றும் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

சுகுமாறன் அனுதாபத்தோடு தொண்டையைக் கனைத்தார். அக்காவுக்கு இன்று களைப்பாக இருக்கிறது போல, அன்று பார்த்தது பார்த்ததுதான், இதை வைத்து அந்தச் சாட்சியைத் தள்ளிவிடக் கூடாது என்றார்.

"மூணு," என்றாள் விஷ்ணுப்ரியா.

பதில் இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டாள். திமோத்தி எடுக்கவில்லை. லிஃப்ட் ஏறி இறங்கும் சத்தம் மட்டும் சுவருக்குள் கேட்டது. கேத்தரின் பொறுமையிழந்து எழுந்தாள். அப்போது ஜன்னலில் ஒரு டின் வந்தது. வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மேலிருந்து தலையைக் காட்டி, முழுதாய்த் தெரிந்து, பிறகு கீழே போனது.

"மீனு," என்றாள் இராஜம்மா உடனே. "பச்ச மீனு. வாயத் தொறந்துகிட்டு இருக்கு."

சுகுமாறனின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? நான் சொல்லல? அக்கா கண்ணு அப்படி. பதினாறாம் மாடியிலேருந்து வந்தாலும் மீன மீனுன்னு சொல்லிட்டாங்க."

"மீன்தான் சார்," என்றாள் விஷ்ணுப்ரியா. "ஆனா பதினாறாம் மாடிலேருந்து வரல."

அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, குரலை உயர்த்தாமலே கேட்டாள்: "எங்க இருக்கீங்க அங்கிள்?"

பதில் தலைக்கு நேர் மேலிருந்து, அவ்வளவு பக்கத்திலிருந்து வந்தது.

"சங்கத் தலைவர் வீட்டு பால்கனியில மேடம்."

கேத்தரின்தான் முதலில் திரும்பினாள். விஷ்ணுப்ரியா அவளைப் பார்த்தே பேசினாள். இராஜம்மா கிளியைப் பார்த்தது உண்மை. பார்க்க முடிந்தது என்றால் டின் அப்போது மெதுவாகப் போயிருக்க வேண்டும். மெதுவாகப் போனது என்றால் அப்போதுதான் விழத் தொடங்கியிருக்க வேண்டும். ஐந்தாம் மாடியிலிருந்து விழுந்திருந்தால்கூட இந்த ஜன்னலில் அது ஒரு மங்கல்தான். மிச்சமிருப்பது நேர் மேலே, நான்காம் மாடியில், ஒரே ஒரு வீடு.

சுகுமாறன் சிரிக்க முயன்றார். தன் வீட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைந்ததற்குப் புகார் கொடுக்கப் போவதாகச் சொன்னார். சார்ஜன் கதவருகே போய் நின்றுகொண்டார்.

அவர்கள் மேலே போனபோது கிரில் கதவு திறந்தே கிடந்தது. திமோத்தி பால்கனி வாசலில் நின்றார். பக்கத்தில் சுகுமாறனின் மனைவி உஷாராணி, கையைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி. ஒரு டின்னைக் கீழே போட்டுப் பார்க்க வேண்டும் என்று தான் கேட்டதும், அந்த அம்மா ஒரு வார்த்தை பேசாமல் கதவைத் திறந்துவிட்டதாகத் திமோத்தி சொன்னார். பிறகு உஷாராணி தானாகவே பால்கனி மூலைக்குப் போய், அங்கே போர்த்தியிருந்த பழைய சாக்கை இழுத்துப் போட்டாள்.

சாக்குக்கு அடியில் சிமெண்டு நிரப்பிய ஒரு பெயிண்ட் டின். கிளி மார்க். நடுவில் கம்பு சொருகிய ஓட்டை.

"இது ஜோடி," என்றாள் உஷாராணி. "இன்னொண்ணு போயிருச்சு."

கீழே மாடிப்படிக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்தும் இடத்தைத் தனக்கென்று பிடித்து வைக்கச் சுகுமாறன் செய்த டின்கள் அவை. இரண்டு டின், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கம்பு. யாரும் அப்படி இடம் பிடிக்கக்கூடாது என்று நிர்வாகம் சொன்னதும், மேலே கொண்டுவந்து வைத்திருந்தார். அன்று மாலை அந்த இடத்தில் அம்புரோசின் வேன் நின்றது.

உஷாராணி கணவனைப் பார்க்காமலே பேசினாள்.

"ரெண்டு வாரமா அந்தக் கையால சோறு பெசஞ்சு சாப்புடறாரு. எதுத்தாப்புல உக்காந்து பாக்கறேன். எனக்கு ஒரு வாய் எறங்கல. இன்னிக்கி இவரு டின்னோட வந்து நிக்கறாரு. கடவுளே அனுப்புனாருன்னு நெனச்சேன்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா," என்றாள் விஷ்ணுப்ரியா.

"சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். நானும் நாத்தம் புடிச்சவதான்."

சுகுமாறனின் குரலில் அடக்கம் போய்விட்டது. வேனின் கூரை நசுங்கட்டும் என்றுதான் போட்டேன் என்றார். பின் கதவருகே ஆள் குனிந்திருந்ததைக் கவனிக்கவில்லை என்றார். எத்தனை தடவை சொல்லியும் அந்த ஆள் அங்கேதான் நிறுத்துவான். பிறகு சார்ஜனைப் பார்த்து, ஏதோ நுணுக்கமான நியாயத்தைக் கண்டுபிடித்தவர் போல, இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

"நான் வீசல சார். அத நல்லா எழுதிக்கோங்க. கைய விட்டேன், அவ்வளவுதான். மத்தபடி அது தானா விழுந்துச்சு."

விஷ்ணுப்ரியா அந்த விரித்த கைகளிலிருந்து ஓரடி விலகி நின்றாள். சந்தின் குப்பையிலிருந்துகூட அவள் இப்படி விலகவில்லை.

"பூமி இழுத்துச்சுன்னு கோர்ட்ல சொல்லுங்க," என்றாள். "லோகேஸ்வரி வீட்டுக்கு போலீஸ கூட்டிட்டுப் போனதும் பூமிதானா?"

திமோத்தி வழக்கம்போல் ஏதோ சொல்ல வாயெடுத்து, கேத்தரினைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கேத்தரின் அழவில்லை. "பெட்டியத் தூக்குன," என்று மட்டும் சொன்னாள். "சர்ச்சுல எங் கையப் புடிச்சுகிட்டு நின்ன." உஷாராணியின் சமையலறைக்குள் போய், பாத்திரம் விளக்கும் சோப்பை எடுத்து, முழங்கைவரை தேய்த்துக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். உஷாராணி போய்க் குழாயை மூடும்வரை கழுவிக்கொண்டே இருந்தாள்.

சுகுமாறனை வண்டியில் ஏற்றியபோது ஃப்ளாட்டே கீழே திரண்டிருந்தது. ஆரம்பத்திலிருந்தே அந்த ஆள் மேல் சந்தேகம்தான் என்று பலர் சொல்லிக்கொண்டார்கள். லோகேஸ்வரி பாவம், நல்ல பிள்ளை என்றார்கள். கூட்டத்திலிருந்து ஒருவர் விஷ்ணுப்ரியாவை ஒதுக்குப்புறமாக அழைத்து, குரலைத் தாழ்த்தி, மாடிப்படிக்குப் பக்கத்து இடம் இனி காலிதானே, அதற்கு யாரிடம் கேட்க வேண்டும் என்று விசாரித்தார்.

அவள் அவரைத் தாண்டி நடந்துபோய்க் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

லோகேஸ்வரியை மறுநாள் மத்தியானம்தான் விட்டார்கள். பாலாய் வாசலில் திமோத்தி காரோடு நின்றார். தானும் வருவேன் என்று கேத்தரின் பிடிவாதமாக வந்திருந்தாள்.

கைதான அன்று போட்டிருந்த தொழிற்சாலைச் சட்டையோடே லோகேஸ்வரி வெளியே வந்தாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினாள். எதிரில் நிற்பது யாரென்று தெரிந்ததும் ஒரு படி பின்னால் ஏறினாள்.

கேத்தரின் அருகே போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே பேசினாள்.

"மன்னிப்பு கேக்க வரல. கேட்டா, குடுக்கறதா வேணாமான்னு அது வேற ஒனக்கு ஒரு சொமை. ஒன்ன வீட்டுல கொண்டு போய் விடலாம்னு வந்தேன்."

"எந்த வீட்டுல?" என்றாள் லோகேஸ்வரி.

கேத்தரின் காரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அங்க நான் போக மாட்டேன். பெயிண்ட் வாசன போறதுக்குள்ள கதவெல்லாம் மீனு தண்ணி. இனிமே அந்த லிஃப்ட்ல யாரு கூட ஏறுவேன்?" அவள் திமோத்தியைப் பார்த்தாள். "சாலாக் செலாத்தான் போவீங்களா அங்கிள்? அங்க எங்கக்கா இருக்கா."

"போலாம்மா," என்றார் திமோத்தி. "ஏறு."

லோகேஸ்வரி பின் சீட்டில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முன்னால் ஏறப்போன கேத்தரின், கொஞ்சம் தயங்கி, சுற்றிக்கொண்டு போய் மறுபக்கக் கதவைத் திறந்தாள். லோகேஸ்வரி வேண்டாமென்று சொல்லவில்லை.

திமோத்தி கண்ணாடியில் பார்த்தார். இருவருக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. வண்டியை மெதுவாகக் கிளப்பினார்.